கொட்டகையில் நிற்கும் பழைய கார்



ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர்த் தெருவில் கார் ஒன்று திரும்பினால், அது யாருடைய கார் என்பதைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி கண்ணால் காணுமுன் காதால் சொல்லிவிடுவார். டாக்டர் வீட்டு ஃபியட்டுக்கு ஒரு குரல். மில் முதலாளியின் அம்பாசடருக்கு வேறொரு குரல். தலைமையாசிரியர் அருமையாய் வைத்திருந்த ஹெரால்டுக்கு மற்றுமொரு குரல். இன்றைய கார்கள் ஓசையின்றி வருகின்றன, ஓசையின்றிப் போகின்றன. அவை நல்ல கார்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பழைய கார்களைப் பற்றி இம்மாதம் சிறிது பேசலாமென எண்ணுகிறேன். பழங்கதை பேசி மகிழ்வது மட்டும் என் நோக்கமன்று. அப்படிப்பட்ட கார் ஒன்று இன்னும் பல வீடுகளின் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறது. அதை என்ன செய்வது என்னும் கேள்வி அண்ணன் தம்பியரிடையே மனத்தாங்கலை விளைவிப்பதையும் பார்த்து வருகிறேன். அதற்கும் ஒரு வழி காண வேண்டுமன்றோ?

1960களிலும் 1970களிலும் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் மூன்று வகைக் கார்களே. முதலாவது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பிலேயே, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1957-58இல் பிறந்தது. பெரிய மாறுதல் ஏதுமின்றி 2014 மே மாதம் வரை அங்கே உருவாகி வந்தது. இரண்டாவது ஃபியட். இத்தாலியில் பிறந்த 1100 வகையைப் பம்பாயின் குர்லாவில் இருந்த ஆலை செய்து வந்தது. 1970களில் அதற்குப் ‘பத்மினி’ என்னும் நம் நாட்டுப் பெயர் சூட்டப்பட்டது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நெடுங்காலம் உழைத்த இக்கார், 2023 அக்டோபரில்தான் அந்நகரத் தெருக்களிடமிருந்து விடைபெற்றது.

மூன்றாவது காரை நம் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அது சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் 1948 முதல் 1988 வரை இயங்கிய ஆலையிலிருந்து 1961இல் அது வெளிவரத் தொடங்கியது. மிகெலோட்டி என்னும் இத்தாலிய ஓவியர் வரைந்த வடிவம் அது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு மட்டுமே செய்யப்பட்ட அந்தக் காருக்கு நான்கு கதவுகள் வைத்தவர்கள் நம் சென்னைத் தொழிலாளர்கள். குடும்பமென்றால் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்ததுதானே! பின்னிருக்கைக்கு ஏறும் முதியவர் முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து நுழைவது நமக்கு ஒவ்வுமா?

அக்காலத்தில் கார் வாங்குவது கடைக்குப் போய் அரிசி வாங்குவது போன்றதன்று. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூத்த மகள் பள்ளியில் படிக்கையில் பதிந்த ஃபியட் அவள் திருமணத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வோர் உண்டு. ஆதலின் நம் பங்குக் குடும்பங்களில் சொந்தக் கார் உடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஏனையோர்க்குக் குடும்பக் கார் என்பது டாக்சி நிலையத்தில் நின்ற வாடகை அம்பாசடர்தான். திருமணத்துக்கு மணப்பெண்ணை அழைத்து வந்ததும் அதுவே. பிரசவ வலி கண்டவளை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. செப்டம்பர் மாதத்தில் மேலே கேரியரில் பாயும் பாத்திரங்களும் கட்டி, உள்ளே பெரியோரும் சிறியோருமாய்ப் பத்துப் பேரை அடைத்து, வேளாங்கண்ணிக்கு ஏற்றிச் சென்றதும் அதுவே. யார் மடியில் யார் அமர்வது என்பதைத் தீர்த்து வைப்பதற்கே ஒரு நாட்டாண்மை தேவைப்பட்டது.

இக்கார்களின் குணங்களை என்னென்பது! காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எழுந்துவிடும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. முதலில் ‘சோக்’ குமிழை இழுக்க வேண்டும். குளிர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆதலின் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பதே அக்குமிழின் வேலை. இயந்திரம் சூடேறியபின் அதை மறவாமல் உள்ளே தள்ளிவிட வேண்டும். மறந்தால் பிளக்கில் கரி படியும். பின்னால் வருபவர் முகத்திலும் படியும். பேட்டரி சோர்ந்திருந்தால் முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். ‘ஹேண்டில் போடுதல்’ என்று அதற்குப் பெயர். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இல்லையேல் இயந்திரம் எதிர்த்து உதைக்கையில் விரல் முறியும். இதைத் தந்தையர் தம் மைந்தர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். எத்தனை மைந்தர் கேட்டனர் என்பது வேறு.

கைப்பிடிக்கும் இணங்காவிடில் கடைசி மருந்து தள்ளுவதுதான். தெருவில் யார் போனாலும் ஒரு கை கொடுப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர், பால் கொண்டுவருபவர், சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வரும் மாணவர் என எவரும் விலகி நிற்பதில்லை. கார் குலுங்கிப் புகை கக்கி உயிர்பெற்றதும், தள்ளியவர் அனைவரும் தாமே அதை வாங்கியதுபோல் மகிழ்ந்து நிற்பர்.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் கீழேயே இருந்தமையால், முன்னிருக்கை பெஞ்சு போல நீண்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இருவர் தாராளமாக அமரலாம். பழைய அம்பாசடரில் முதல் கியர் பிடிவாதம் உடையது. வண்டி முற்றும் நின்றபின்தான் அதனுள் இசைவாக நுழையும். ஓடும்போது திணித்தால் பல் நறநறக்கும். முகப்பு விளக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் காலால் மிதிக்கும் பொத்தான் பல கார்களில் தரையில் இருந்தது. டைனமோவை நம்பிய அவ்விளக்குகள் வண்டி மெதுவாகச் சென்றால் மங்கும், வேகமெடுத்தால் ஒளிரும். ஃபியட்டின் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திருப்பினால், சித்திரை வெயிலிலும் முகத்தில் காற்று வந்து மோதும். ஹெரால்டின் சிறப்பு வேறு. அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மீதே அமர்ந்து பழுது பார்க்கலாம். ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் திரும்பிவிடும் என்பதால், நம் குறுகிய சந்துகளுக்கு அதைப்போல் ஏற்ற கார் பிறிதொன்று இல்லை. வளைவில் வேகமாகத் திருப்பினால் மட்டும் அதன் பின்சக்கரங்கள் உள்வாங்கும். அதை அறிந்தவர் அளவோடு ஓட்டினர்.

நான் குருவாகி வந்த புதிதில், மறைமாவட்டத்தில் பல்லாண்டு பணிசெய்த வயதான டிரைவர் ஒருவரிடம் கார் ஓட்டப் பழகினேன். மலைப்பாதையில் பழக்கினால்தான் பயம் தெளியும் என்பது அவர் கொள்கை. 40 கொண்டையூசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையில், பாதி வழியில் வண்டி இருமத் தொடங்கியது. நான் பதறிச் சாவியைத் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க சாமி, அதுக்கு மூச்சு முட்டுது” என்றார். தம் தோளில் கிடந்த துண்டை ஓடை நீரில் நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்பின்மேல் சுற்றினார். பிறகு ஒரு கல்லின்மேல் அமர்ந்து வெற்றிலை போட்டார். கால்மணி நேரத்தில் வண்டி ஒன்றும் நடவாததுபோல் கிளம்பியது.

காரணத்தைப் பின்னர் அவரே விளக்கினார். கொதிக்கும் இயந்திரத்தின் அருகே இருக்கும் பம்பில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. நீர்மத்தைத் தள்ளவல்ல பம்பினால் ஆவியைத் தள்ள இயலாது. ஈரத்துணி அதைக் குளிர்வித்து மீண்டும் நீர்மமாக்குகிறது. ரேடியேட்டர் கொதிக்கும்போதும் இதே பொறுமைதான் மருந்து. உடனே மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். இறங்கும்போது அவர் சொன்ன இன்னொரு பாடம் இன்றும் எனக்குப் பயன்படுகிறது: “எந்த கியருல ஏறுனீங்களோ அதே கியருல இறங்கணும் சாமி. பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கக் கூடாது.” அக்கார்களின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. நீண்ட இறக்கத்தில் ஓயாது மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும்; நீரோடையைக் கடந்து ஈரமானாலும் பிடிக்கா. ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை இலேசாய் மிதித்துக்கொண்டே சற்றுத் தூரம் ஓட்டி, அந்த வெப்பத்திலேயே ஈரத்தை உலர்த்துவார் அவர். அவர் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். ஆயினும் வெப்பத்தையும் உராய்வையும் பற்றி எங்கள் பாடநூல்கள் சொன்னவற்றையெல்லாம் அவர் கைகள் அறிந்திருந்தன.

இக்கார்களை மக்கள் ஏன் இத்துணை நேசித்தனர் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவை சிறந்தவை என்பதால் அன்று, விளங்கக்கூடியவை என்பதால். பானெட்டைத் திறந்தால் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஊர்ப் பட்டறை மேஸ்திரி உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். ஆலமரத்தடியிலேயே எஞ்சினை இறக்கி ஏற்றினார். இன்றைய காரில் ஒரு விளக்கு எரிந்தால், அதன் பொருளைக் கணினியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் கருவி வந்தது. புகை குறைந்தது; பெட்ரோல் மிச்சமாயிற்று. ஆனால் மேஸ்திரிகள் பலர் பிழைப்பை இழந்தனர். இரண்டும் உண்மையே.

அன்பர்களே, நேசம் நம் கண்ணை மறைத்துவிடவும் கூடாது. பழைய கார் இரும்புக்கோட்டை போல உறுதியானது என்று பெருமை பேசுவோரை அடிக்கடி கேட்கிறேன். தகடு தடித்தது என்பது மெய்தான். ஆனால் மோதலின் வேகத்தைத் தன்மேல் ஏற்று மடங்குமாறு இன்றைய காரின் முன்பகுதியை வடிவமைக்கின்றனர். மடங்காத பழைய காரோ, அவ்வேகத்தை உள்ளிருப்பவர் மார்புக்கே கொண்டு சேர்க்கும். இருக்கைப் பட்டை அவற்றில் இல்லை. ஸ்டியரிங் தண்டும் ஈட்டி போல் நேரே நின்றது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்நஞ்சு 2000ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து முற்றும் நீக்கப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, சாவியைத் திருப்பியதும் கிளம்பும் காரைக் கண்டு மக்கள் அதன்பால் திரண்டதில் வியப்பில்லை. ஆதலின் பழைய கார் ஓடும் நிலையில் இருந்தாலும், பேரக் குழந்தைகளை முன்னிருக்கையில் மடியில் இருத்தி நெடுஞ்சாலையில் செல்லும் ஆசையை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

இனிக் கொட்டகைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், எண்பதைக் கடந்த தந்தையின் ஃபியட் தார்ப்பாய்க்கு அடியில் பல்லாண்டுகளாக நின்றது. இடத்தை அடைக்கிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் மூத்தவர். செப்பனிட்டு ஓட்ட வேண்டும் என்றார் இளையவர். ஆனால் வருவதோ ஆண்டுக்கு ஒருமுறை. வெளிநாட்டிலிருக்கும் மகளோ, அப்பா உயிரோடிருக்கும்வரை எவரும் அதைத் தொடக்கூடாது என்று தொலைபேசியில் அழுதார். இரண்டு பெருவிழாக்களுக்குச் சகோதரர்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணவில்லை. மூவரும் தந்தையின் பொருட்டே வாதாடினர். தந்தையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் அவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தபோது நான் கேட்டேன். அவர் மெல்லச் சிரித்து, “நான் எப்பவோ குடுத்திருப்பேன் சாமி. பிள்ளைங்க மனசு நோகுமேன்னுதான் வச்சிருக்கேன்” என்றார். யாருக்குக் கொடுக்க விருப்பம் என்று கேட்டதற்கும் விடை ஆயத்தமாகவே இருந்தது. முப்பது ஆண்டுகள் அதைப் பழுது பார்த்த மேஸ்திரியின் மகனுக்கு! இன்று அது அவருடைய பட்டறையில் உயிர்பெற்று நிற்கிறது. சகோதரர்கள் பேசிக்கொள்கிறார்கள், முன்போல் கலகலப்பாக அன்று, ஆயினும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, காருக்கு உரியவரைக் கேட்பது. அடுத்து, சட்டத்தைச் சரியாக அறிந்துகொள்வது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அது முடிந்தவுடன் காரை அழித்தே தீர வேண்டும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். தமிழ்நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால், உரிய கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதலின்றிப் பிறந்த வடிவிலேயே இருக்கும் கார்களுக்கு, 2021இல் வந்த மத்திய விதிகள் ‘பழம்பெரும் வண்டி’ என்னும் தனித் தகுதியை அளிக்கின்றன. அப்படிப் பதிவு செய்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாகாது. பதிவும் காப்பீடும் இல்லாத காரைத் தெருமுனை வரை ஓட்டுவதும் குற்றமே என்பதை இளைஞர்க்குச் சொல்லி வையுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், முறையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கவல்லது. கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின்மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆதலின் எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முதலில் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது, அதையும் மாற்றுங்கள். மேற்புறம் புதிதாய்த் தோன்றினாலும் நெடுநாள் நின்ற டயரை நம்பாதீர்கள். எலிகள் கம்பிகளைக் கடித்துள்ளனவா என்று பாருங்கள். இவற்றுக்குப் பொழுதும் பணமும் இல்லையெனில், ஓட்டத் தெரிந்தவரிடம் மகிழ்ச்சியோடு ஒப்படைத்துவிடுங்கள். கொட்டகையில் துருப்பிடிக்க விடுவது தந்தைக்குச் செய்யும் மரியாதையன்று. பிள்ளைகளுக்குப் பழைய கார்களைக் காட்ட விரும்பினால், கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடு அவர்களின் அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

வண்டி ஓட்டுவதை நிறுத்த மறுக்கும் முதியவர் உள்ள வீடுகளும் உண்டு. கண்ணும் காதும் மங்கியபின் சாவியை வாங்கிவைப்பது பிள்ளைகளின் கடமையே. ஆனால் ஒளித்து வைத்து ஏமாற்றாதீர்கள். எதிரே அமர்ந்து சொல்லுங்கள். சாவியோடு அவர் இழப்பது எண்ணிய இடத்துக்கு எவரையும் கேளாமல் போய்வரும் உரிமையை. ஆதலின் வாங்கிய அன்றே, வாரத்தில் எந்த நாள் எங்கே அவரை நீங்கள் அழைத்துச் செல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன நாளில் தவறாமல் வாசலில் வந்து நில்லுங்கள்.

நிறைவாக ஒன்று. அந்நாளில் கார் வைத்திருந்த பெரியோர் பலர், டேஷ்போர்டின் அறையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பார்கள். எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் பெட்ரோல், மீட்டரில் எத்தனை மைல், எந்த ஊர்ப் பயணம் என்று பென்சிலால் எழுதியிருப்பார்கள். புரட்டிப் பாருங்கள். நீங்கள் பிறந்த நாளில் மருத்துவமனைக்குப் போய் வந்த மைல்கணக்கு அதில் இருக்கலாம். காரை விற்றாலும், கொடுத்தாலும், உடைத்தாலும், அந்த ஏட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.